டெர்பியில் எஃப்சி காட்டிய கதை

1

ஊரில் என்னை லண்டனில் இருப்பவன் என்கிறார்கள். நான் இருப்பது டெர்பியில். லண்டனுக்கும் டெர்பிக்கும் உள்ள தூரம், என் சொந்த ஊரான புதுச்சத்திரத்துக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். புதுச்சத்திரத்துக்காரனை "மதுரைக்காரரே" என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவான். ஆனால் கடல் தாண்டிவிட்டால் எல்லா ஊரும் லண்டன்தான். பல வருடம் திருத்திப் பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது போனில் "லண்டன்ல மழைங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்று சொல்லிவிடுகிறேன். மழை எப்படியும் இருக்கும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கம் பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறதாம். "புலம்பெயர் வாழ்வில் நான் பெற்றது" என்று தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் உயர்வா எழுதுங்க" என்றார் செயலாளர். யோசித்துப் பார்த்தேன். நான் பெற்றவற்றில் உயர்வாக எதுவும் தட்டுப்படவில்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு பழைய கார்தான் ஞாபகம் வந்தது. அதை மலரில் போடமாட்டார்கள். அதனால் ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களாவது லாரி கட்டும் நாமக்கல் ஜில்லாக்காரர்கள், இரும்பைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பீர்கள்.

2

அந்தக் காருக்கு என் மகளைவிட வயது அதிகம். ஜப்பானில் செய்தது. இரண்டே கதவு, டர்போ இன்ஜின், பின்னால் ஒரு ரெக்கை. அது புதிதாக வந்த காலத்தில் அதன் படம் என் ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் சாமி படம் ஒட்டியிருந்தான். அவன் இப்போது நன்றாக இருக்கிறான்.

நான் காரை நேரில் பார்த்தபோது அது ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் நின்றிருந்தது. நாமக்கல்காரனுக்குக் கோழிப்பண்ணை வாசம் அடித்தால் மாமன் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அந்த வாசத்தில் புத்தி மழுங்கித்தான் வாங்கினேன் என்று சுமதி இன்றும் சொல்கிறாள். சுமதி என் மனைவி, பள்ளிபாளையத்துக்காரி. விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் கராஜில் நான் ஓட்டும் கிரைண்டர் சத்தம் அவளுக்குத் தொந்தரவில்லை. நான்தான் தொந்தரவு.

"இந்த ரெக்கை எதுக்குங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"வேகமாப் போறப்ப வண்டி மேல எழும்பாம அமுக்கிப் புடிக்கும்."

"அது நின்ன எடத்தை விட்டே நகர மாட்டேங்குதே?" என்றவள், மறுநாள் முதல் அந்த ரெக்கையில் துண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. இந்த ஊர்க் கார்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கின்றன. உள்ளுக்குள்ளேயே நினைத்து நினைத்து உளுத்துப்போகின்றன. என் காரில் கதவுக்குக் கீழே ஓடும் இரும்பை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. குத்தாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. இந்த நாட்டில் நான் செய்த பல காரியங்களுக்கும் அதே கதைதான்.

இனி அரசாங்கம். நம்மூரில் வண்டி ஓடினால்தான் அரசாங்கம் கேள்வி கேட்கும். இங்கே ஓடாத வண்டிக்கும், அது ஓடவில்லை என்று நாமாக அறிவிக்க வேண்டும். சக்கரமில்லாமல் நாலு கட்டை மேல் நிற்கும் காரைப் பற்றி, "ஐயா, இது இன்றும் எங்கும் போகவில்லை" என்று பணிவுடன் தெரிவித்தேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. இந்த நாட்டில் என் வார்த்தையை உடனே நம்பிய முதல் சந்தர்ப்பம் அது.

மகள் மகிழுக்குப் பதினைந்து வயது. அவள் நிற்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் கராஜ் தெரியும். அது தன் தோழிகளுக்கும் தெரிகிறது என்பதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். அந்த வருத்தத்தைச் சொல்ல அவளிடம் தமிழ் இல்லை. பதில் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருந்தது, பதில்தான் இல்லை. அதன் பிறகு அவள் ஒரு ஸ்டாப் தள்ளிப்போய் பஸ் ஏறினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் சனி ஞாயிறெல்லாம் காருக்கு அடியிலேயே கழிந்தது. துருவை வெட்டி எடுத்தேன், புதுத் தகடு வைத்தேன், வெல்டிங் வைத்தேன். வெல்டிங்கை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீச்சலையும் அப்படிக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எனக்கு எழுதவும்.

3

லாரிக்காரன் மகனுக்கு எதற்கு வீடியோ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்பா ஒற்றை லாரி வைத்து, தானே ஓட்டியவர். லாரி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் நான் அதைத் தொடக் கூடாது. ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கப் போனால்கூட, "அக்கட்ட போ சாமி. கிரீஸு ஒருக்கா கையில பட்டா அப்பறம் போவாது. நீ படி" என்பார். ஊரிலிருக்கும் பையன்களெல்லாம் எங்கள் லாரியில் ஏறி விளையாடுவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். நான் நல்ல பிள்ளை. தொடவேயில்லை. படித்தேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே இங்கே வந்து சேர்ந்தேன். நாற்பதைத் தாண்டியதும் கை அரிக்க ஆரம்பித்தது.

அம்மா காலமான பிறகு லாரியையும் விற்றுவிட்டுத் தனியாக இருந்த அப்பாவை இந்தக் கோடையில் இங்கே வரவழைத்தோம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டிருந்தார்கள். போனில் அப்பாவிடம் கேட்டேன்.

"திரும்பி வராம அங்க என்ன பண்றதாமா? எருமைக்குத் தண்ணி யாரு காட்டறது?" என்றார்.

உலகத்தில் எந்த வக்கீலும் இதைவிடப் பலமான காரணம் எழுதியிருக்க முடியாது. ஆனால் விண்ணப்பத்தில் எருமையைக் குறிப்பிட இடம் விடப்படவில்லை.

வந்திறங்கிய அன்று கராஜ் கதவைத் திறந்து காட்டினேன். அப்பா காரைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண்ணைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இதுக்கா உன்னயக் காலேசுக்கு அனுப்புனேன்? கிளீனர் பையன் கையாட்டமா வெச்சிருக்கற. இதுக்குப் புதுச்சத்தரத்துலயே இருந்திருக்கலாமே. ஏரோப்ளேன் எதுக்கு?"

"சும்மா பொழுதுபோக்குக்குங்கப்பா."

"பொழுது போவலீன்னா தூங்கோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான். அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் அந்தக் காரில் ஒருமுறை அவரை உட்கார வைத்து ஓட்ட வேண்டும். கிரீஸ் பட்டும் பையன் கெட்டுப்போகவில்லை என்று அவர் நினைக்க வேண்டும். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு தடை இருந்தது. நம்மூரில் வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் தரும் எஃப்சி போல இங்கும் வருடாந்தரப் பரிசோதனை உண்டு. அதில் தேறாமல் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. அப்பாவோ அதைவிடக் கறார்.

"எஃப்சி இல்லாத வண்டியில நான் ஏறமாட்டேன். என்ற காலத்துல எஃப்சி இல்லாம ஒரு நடை போனதில்ல" என்றார். அவர் ஊருக்குத் திரும்பும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு நாள் வாங்கினேன்.

4

முந்தின நாள் மாலை ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் கராஜ் வாசலில் என் கார் பளபளவென்று நிற்கிறது. நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம். முன்னால் குங்குமம். டயர்களின் பக்கவாட்டில் கன்னங்கரேலென்று பூச்சு. சக்கர நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம். அது மகிழின் நெயில் பாலிஷ். தாத்தா சைகையில் கேட்டாராம், இவள் எடுத்துக் கொடுத்தாளாம். ஒரு வருடமாக என் கராஜ் பக்கம் எட்டிப் பார்க்காதவள், பின் சக்கரத்துக்குத் தானே பூசியும் விட்டிருந்தாள்.

அப்பா சுமதியின் யோகா விரிப்பின் மேல் படுத்தபடி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் கறுப்பு. வேலிக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பெயிண்ட் டின் காலியாகியிருந்தது.

"எஃப்சிக்கு ரெடி பண்ணிட்டேன் சாமி. கீழ பூராவும் ஒரு கை அடிச்சாச்சு. அங்கங்க பட்டி பாத்திருக்கறேன். நாளைக்கு எவனும் ஒரு சொல்லு சொல்லப்படாது."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி எஃப்சிக்குப் போகிறதென்றால் நம் பக்கம் அது ஒரு சீர். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அடிச்சட்டமான சேஸுக்குக் கறுப்பு பூசி, பூச்சரம் கட்டித்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கிழட்டு லாரிகூட அன்று மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பொறியியல் படித்திருக்கிறேன், பரிசோதனை விதிகளை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். இருந்தும், "அடடா, கறுப்பு அடிக்க மறந்துட்டோமே" என்றுதான் தோன்றியது. கிரீஸ் கூடாதென்றவர் எனக்காகக் காருக்கடியில் படுத்திருக்கிறார் என்று நெஞ்சு வேறு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் மூளைக்கு இடம் இருக்காது.

5

சான்றிதழ் இல்லாத வண்டியை, சான்றிதழ் வாங்கப் போகும்போது மட்டும் ஓட்டலாம் என்பது இங்குள்ள சட்டம். எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினேன். அப்பா அதில் ஏற மறுத்து, சுமதி ஓட்டிய எங்கள் வீட்டுக் காரில் பின்னாலேயே வந்தார்.

பரிசோதகர் பெயர் கெவின். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போய் அண்ணாந்து பார்த்தவர், ஒரு விரலால் தொட்டார். விரல் கறுப்பாக வந்தது. பிரேக் குழாயையும் சைலன்ஸரையும் வெல்டிங்கையும் ஒன்றுபோல மூடியிருந்தது அப்பாவின் கைவண்ணம்.

"யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அப்பா."

"எதை மறைக்க?"

இந்த நாட்டில் என்னை நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை. வாசலில் நின்ற அப்பா, "என்னங்கறான்?" என்றார். மழுப்பியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"எதை மறைக்கறதுக்கு அடிச்சீங்கன்னு கேக்கறாருங்கப்பா."

அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "மறைக்கறதா? பெரிய மனுசன் பாக்கறதுக்கு முன்னால அழுக்கு வேட்டியோட போய் நிப்பமா? இது மரியாதடா. சொல்லு அவனுக்கு."

சொன்னேன். என் ஆங்கிலத்தில் மரியாதை எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. கெவின் நல்ல மனிதர். இருமல் வந்த மாதிரி திரும்பிக்கொண்டார். பூச்சை முழுக்கச் சுரண்டி, வெல்டிங் தெரியும்படி கொண்டுவந்தால்தான் பார்ப்பேன் என்றார். திரும்பவும் நாள் கிடைத்தது அப்பா கிளம்புவதற்கு முந்தின நாளில்தான்.

வீட்டுக்கு வந்ததும் கத்திவிட்டேன். "உங்களை யாருங்கப்பா அதத் தொடச் சொன்னாங்க?"

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நாந்தொடாதீன்னு சொன்னப்ப நீ தொடாம இருந்த. நானும் அப்பிடி இருந்திருக்கோணும்" என்றார்.

அதோடு கராஜ் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

6

வேலிக்குப் பூசும் பெயிண்ட் மழைக்கும் வெயிலுக்கும் போகாது என்று டின்னில் போட்டிருந்தது. பொய்யில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. விமானம் ஏறியபின் போனில் சமாதானம் பேச எங்கள் இருவருக்குமே வராது. "சாப்ட்டீங்களா, மழைங்களா" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். கடைசி வரைக்கும் அந்த "யாரு தொடச் சொன்னாங்க" அப்படியே நின்றுவிடும்.

"மன்னிப்புக் கேளுங்களேன்" என்றாள் சுமதி.

"எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல."

"தெரியும். கல்யாணமானதுலருந்து பாக்கறனே" என்றாள்.

பூச்சு பாதி போய் வெல்டிங் வெளியே தெரிய ஆரம்பித்த அன்று, காருக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லோணும்" என்றார் அப்பா.

"சொல்லுங்கப்பா" என்றேன் அடியிலிருந்தே.

"அந்த வெள்ளக்காரன் கேட்டான் பாரு, எதை மறைக்கறதுக்குன்னு. செரியாத்தான் கேட்டிருக்கறான். உம்பட வெல்டிங்க மறைக்கத்தான் அடிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. வெளியே தலையை நீட்டினேன்.

"கோழி எச்சம் போட்டாப்புல வெச்சிருக்கற சாமி. கோடு ஒண்ணு நேரா இருக்குதா? இத்தன பெரிய படிப்புப் படிச்சவன் இப்பிடியா வேல பண்ணுவான்னு அவன் நெனச்சுக்கப்படாதில்ல? அதான் ஒண்ணுக்கு ரெண்டு கோட்டு அடிச்சு உட்டேன்."

நாமக்கல்காரர் கோழி எச்சத்தைச் சும்மா உவமைக்கு இழுக்கமாட்டார், பார்த்துத்தான் சொல்வார். திரும்பி என் வெல்டிங்கைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே சிரித்ததில் துரு கண்ணில் விழுந்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு கையை நீட்டி, "இன்னொரு பிரஷ் இருந்தாக் குடு, இக்கட்ட நான் தேய்க்கறேன்" என்றார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குடும்ப கௌரவம் காப்பாற்றப்பட்டது.

7

கெவின் மறுபடி அடியில் போய் நின்றார். வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டினார், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த சாமிகள் எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"பார்க்கச் சகிக்கவில்லை" என்றார் கெவின். "ஆனால் பிடி விடாது. தேறியது."

அப்பாவுக்குச் சொன்னேன். "நாஞ்சொன்னதத்தான் அவனுஞ்சொல்றான்" என்றார்.

அன்றும் வீட்டுக் காரில் வந்திருந்த சுமதியைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பாவை என் காருக்குக் கூட்டிப்போனேன். பழக்கதோஷத்தில் நேராக வலது கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். லாரியில் வலது பக்கம் ஓட்டுபவர் உட்காருவார், இடது பக்கம் கிளீனர். சொந்த லாரிக்காரரான அப்பா லாரியில் ஒரு நாளும் இடது பக்கம் உட்கார்ந்தவர் இல்லை. என்னைப் பார்த்தார், கையை எடுத்தார், சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். காரோ முழங்கால் உயரம்.

"ஏறி உக்கார வேண்டிய வண்டியில எறங்கி உக்காரச் சொல்றயே" என்று முனகிக்கொண்டே ஒரு காலை விட்டு, உடம்பை விட்டு, இன்னொரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

ஊருக்கு வெளியே பெரிய ரவுண்டானா ஒன்று இருக்கிறது. நான் உள்வட்டத்தில் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போக இடப்பக்கம் வெளியேற வேண்டும். ஆனால் இடப்பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு நீள லாரி. என் உயரத்துக்கு அதன் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வேகத்தைக் குறைத்தேன்.

அப்பா கண்ணாடியை இறக்கினார். தோள் வரைக்கும் கையை வெளியே நீட்டி, லாரியைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். நம் ரோட்டில் கிளீனர்கள் காட்டுவார்களே, அதே மாதிரி.

"நில்லுப்பா, நில்லு! எம்பையன் வண்டி வருது!"

தமிழில்தான். லாரிக்காரருக்கு என்ன கேட்டதோ, குனிந்து பார்த்தார். வேகத்தைக் குறைத்து, ஒருமுறை விளக்கைப் போட்டுக் காட்டினார். அப்பா கதவை வெளிப்பக்கம் படபடவென்று தட்டினார். "லெஃப்ட் ஃப்ரீ! வா, வா, வா… ரைட், போலாம்!"

நான் போகவில்லை. கண் மங்கி, திரும்ப வேண்டிய வழி தெரியாமல் வட்டத்திலேயே சுற்றிவிட்டேன். லாரிக்காரர் எங்களுக்கு வழி விட்டது வீணாகப் போனது. ஆனால் அப்பா திட்டவில்லை. கையை உள்ளே இழுக்கவுமில்லை.

"போச்சாது, உடு சாமி. இன்னொரு சுத்து வா, நான் நிறுத்தித் தாரேன்" என்றார்.